குளோஸ்டர்: பேராலயமும் கப்பல்துறையும்

குளோஸ்டர், இங்கிலாந்தின் தென்மேற்கில் செவர்ன் ஆற்றங்கரையில் உள்ள நகரம். கி.பி. 97 அளவில், பேரரசர் நெர்வா காலத்தில், ரோமானியப் படையில் ஓய்வு பெற்றவர்களின் குடியேற்றமாக உருப்பெற்றது. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் மடாலயம் வந்தது. அதன் இன்றுள்ள ஆலயக் கட்டடத்தை 1089இல் மடத்தலைவர் செர்லோ தொடங்கினார்.

வெளியூர்க் கூட்டம் வரத் தொடங்கியதற்கு ஒரு கல்லறையே காரணம் என்பர். அரியணை இழந்த இரண்டாம் எட்வர்ட் 1327இல் அருகிலுள்ள பார்க்லி கோட்டையில் சிறையிலிருந்தபோது இறந்து, இங்கே அடக்கம் செய்யப்பட்டார். கொலை என்பதே பொதுவான கருத்து. அவர் தப்பி இத்தாலிக்குப் போனதாகச் சொல்லும் பழைய கடிதம் ஒன்றும் உண்டு. அதைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை. கல்லறையில் குவிந்த காணிக்கையில்தான் ஆலயம் புதுப்பிக்கப்பட்டது என்கிறது மடத்தின் வரலாறு. அரச குடும்பத்தின் கொடையே பெரிது என்பாரும் உளர்.

பணம் எவருடையதாயினும், வேலை அசாதாரணமானது. 1350 அளவில் அமைந்த கிழக்குச் சாளரம் சுமார் 22 மீட்டர் உயரம். அது பிரான்சுக்கு எதிரான கிரெசிப் போர் வெற்றியின் நினைவுச்சின்னம் என்ற கருத்து உறுதிப்படவில்லை. அதன் ஒரு சிறு கண்ணாடி வட்டத்தில் ஒருவன் கோலை ஓங்கிப் பந்தை அடிக்கிறான்; கோல்ஃப் என்று சிலர் மகிழ்ந்தாலும், வேறு பந்தாட்டமாகவே இருக்கலாம். உள்முற்றத் தாழ்வாரத்தின் விசிறி வடிவ விதானம், எஞ்சியவற்றுள் மிகப் பழையது. அதே தாழ்வாரத்தில் துறவியர் கை கழுவிய நீண்ட கல்தொட்டி இருக்கிறது. எதிர்ச் சுவரில், துடைக்கும் துண்டுகளை வைக்க ஒரு மாடம். இங்கே எடுக்கப்பட்ட ஹாரி பாட்டர் படக் காட்சிகளைத் தேடி வருவோர் இந்த மாடத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

1541இல் எட்டாம் ஹென்றி மடாலயத்தைப் பேராலயமாக்கினார். உள்நாட்டுப் போரில், 1643இல், நகரம் மன்னர் படையின் முற்றுகையைத் தாங்கி நின்றது.

வளைந்தோடும் செவர்னில் ஓதத்தோடு போராடிக் கப்பல் ஓட்டுவது ஆபத்தாக இருந்ததால், 1790களில் கால்வாய் வெட்டத் தொடங்கினர். இடையில் பணம் தீர்ந்தது. ஷார்ப்னெஸ் வரையிலான சுமார் 26 கி.மீ. வழி 1827இல்தான் திறந்தது. 1846இல் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய தானியச் சட்டங்கள் நீங்கியதும் தானிய வரத்து பெருகி, செங்கல் கிடங்குகள் வரிசையாக எழுந்தன. மாலுமிகளுக்கென 1849இல் ஒரு சிற்றாலயமும் வந்தது. பிறகு கப்பல்கள் கால்வாய்க்கு அடங்காத அளவு பெருத்தன, துறை தேய்ந்தது.

1873இல் கட்டிய லாந்தனி கிடங்கில் 1988இல் நீர்வழி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மற்றக் கிடங்குகள் பலவற்றில் இப்போது குடியிருப்புகளும் உணவகங்களும் இருக்கின்றன. 2009இல் அருகே வணிக வளாகமும் வந்தது. பேராலயத்துக்குப் பக்கத்துச் சந்தில், பீட்ரிக்ஸ் பாட்டரின் 1903ஆம் ஆண்டுக் கதையில் வரும் தையல்காரர் வீடு கடையாகவும் சிறு அருங்காட்சியகமாகவும் இயங்குகிறது. கதையில் தையல் வேலையை முடித்துக்கொடுப்பவை எலிகள்.