தினேஷ் கார்த்திக்: தொடக்க ஆண்டுகள்

தினேஷ் கார்த்திக் (பிறப்பு: 1 ஜூன் 1985, சென்னை) இந்திய கிரிக்கெட் அணியின் முன்னாள் விக்கெட் காப்பாளர். துடுப்பாட்டக்காரராகத் தொடங்கியவர்; கையுறை பின்னர் வந்தது. 2002இல் தமிழ்நாட்டு அணியில் இடம்பெற்றார். 2004 செப்டம்பரில், லார்ட்ஸில் ஆடிய முதல் ஒருநாள் போட்டியில் எடுத்தது ஒரே ஓட்டம். ஆனால் இங்கிலாந்துத் தலைவர் மைக்கேல் வானைப் பாய்ந்து ஸ்டம்பிங் செய்ததே பேசப்பட்டது. நவம்பரில் மும்பையில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் விக்கெட் காப்பாளர் பார்த்திவ் பட்டேலின் இடம் அவருக்குக் கிடைத்தது. விக்கெட் காப்பாளருக்குக் களத்தில் ஓரிடம்தான். அதை இழந்தவர் காத்திருக்க வேண்டியதுதான். 2005 மார்ச்சில் கொல்கத்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராக எடுத்த 93, முதல் பத்து டெஸ்டுகளில் அவரது ஒரே அரைச்சதம். அதே ஆண்டு டிசம்பரில், அவரது சொந்த ஊரிலேயே, இலங்கைக்கு எதிரான டெஸ்டில் அந்த இடத்துக்கு மகேந்திர சிங் தோனி வந்தார்.