ஓரியின் கொடையும் நமது பங்கும்

ஆண்டுதோறும் ஆடித் திங்களிலே நமது கொல்லிமலையில் சர்க்காரார் வல்வில் ஓரிக்கு விழா எடுப்பதும், அதனையொட்டி வாசலூர்பட்டிப் பூங்காவில் மலர்க்காட்சி அமைப்பதும் நம்மவர் யாவரும் அறிந்ததே. தமிழகத்தை ஆண்டார் பலரிருக்க, ஒரு சிறு மலைநாட்டுத் தலைவனை இத்துணைக் காலம் உலகம் நினைப்பது எதன் பொருட்டு? அவன் வில்லாண்மையினும் மிக்கது, கலைவாணரை அவன் பேணிய திறமேயாம்.

உ. வே. சாமிநாதையர் 1894-இல் அச்சேற்றிய புறநானூற்றில் வன்பரணர் இதனை விளக்குகின்றார். வறுமையுற்ற பாணர் கூட்டமொன்று காட்டிலே வேடனொருவனைக் காண்கின்றது. தான் இன்னானென்று கூறாமலே, தான் வேட்டையாடிய ஊனையும் இம்மலையிற் பிறந்த பொன்னையும் அவன் அளிக்கின்றான். அவனே ஓரி. அவனிடம் பெற்ற கொடையின் மிகுதியால் பாணர் தம் ஆடலையும் பாடலையும் மறந்தனரென்று மற்றொரு பாட்டிற் புகழ்கின்றார்.

ஆயினும், திருக்கோவலூர்க் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தபோது அக்கொடைக்கும் முடிவு நேர்ந்தது. கொடையென்பது கொடுப்போன் உள்ளத்தைப் பற்றியது. அவனோடு தோன்றி அவனோடு மறைவது. பங்கென்பது அத்தகையதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டிரை அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காக வகுத்து, ஒருவர் இறப்பின் அவர்க்கடுத்த உறவினர் பெறுதற்குரிய முறையையும் கல்லில் வெட்டுவித்தான். எனினும் அப்பங்கு ஒரு கோயிலைச் சார்ந்தார்க்கே உரியதாயிற்று.

முடியரசு நீங்கிய பின்னர், கலையைப் புரக்கும் கடமை மக்களின் வரிப்பணத்தைச் சார்ந்தது. தில்லியில் சங்கீத நாடக அகாதெமி 1953-இலும், தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமென இன்று வழங்குவது 1955-இலும் தோன்றின. நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் 2007-இல் அமைந்தது. இவை எல்லார்க்கும் பொதுவானவையே. ஆனால் பொதுவில் வைத்த பொருள் தானே நடந்து எல்லார் வாசலுக்கும் வந்துவிடாது. அமெரிக்க தேசத்தில் 1965-இல் கலைக்கெனத் தேசிய நிதிச்சபை ஏற்பட்ட பின்னரும், கறுப்பினத்தார் முதலியோரின் கலைச்சங்கங்களுக்கு உதவும்பொருட்டு 1971-இல் தனிப்பிரிவொன்று தொடங்க வேண்டியதாயிற்று.

நம் தேசத்திலும் பங்கு நெறி புதியதன்று. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1974-இல் தொடங்கிப் பழங்குடியினர்க்கெனத் துணைத்திட்டம் வகுக்கப்பட்டது; அவர்தம் ஜனத்தொகையின் வீதப்படி பணம் ஒதுக்குவதே அதன் கருத்து. 2024-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை அதற்கெனச் சட்டமும் இயற்றிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவருள் மலையாளிகளாகிய நாமே மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர். கல்விக்கும் சாலைக்கும் வேண்டும் அவ்வீதம், கலைக்கும் வேண்டுமென்று கேட்பது பேராசையாகுமோ?

சகோதர சகோதரிகளே! கேட்பதற்குமுன் நாம் செய்யவேண்டுவனவும் உள. நம் 14 நாடுகளிலும் ஆடவும் பாடவும் மேளம் முழக்கவும் வல்ல முதியோர் பெயர்களை ஊர்தோறும் எழுதித் தொகுத்தல் வேண்டும். தகுதியுடையாரை நலவாரியத்திற் பதிவுசெய்தல் வேண்டும். முதியோரிடம் நம் சிறுவரும் சிறுமியரும் பயிலுதற்குச் சங்கம் வழி செய்தல் வேண்டும். பாட்டறிந்த முதியவர் ஒருவர் மறையும்போது, எழுதாத ஏடொன்று எரிந்துபோகின்றதென்பதை மறவாதிருப்போமாக. பின்னர், ஓரி விழா மேடையில் நம்மவர் ஆடுங்கால், சமவெளிக் கலைஞர்க்குரிய சன்மானமே அவர்க்கும் உரியதென்று துணிந்து கூறலாம்.

ஓரி கொடுத்தது அவன் பெருமை. நாம் வேண்டுவது மற்றொரு ஓரியின் வருகையன்று; ஆள்வோர் மாறினும் மாறாத, கணக்கில் எழுதப்பட்ட பங்கேயாகும்.