'டேய்... விழுந்துடுவ!' - மரம் ஏறும் குழந்தையைத் தடுக்கலாமா?

கடமலைக்குண்டு பக்கம், மூல வைகைக் கரையில் வளர்ந்தவரா நீங்கள்? புளியங்கிளை தாங்கும், முருங்கைக் கிளை ஒடியும் என்று யாரும் உங்களுக்குப் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். ஏறித்தான் தெரிஞ்சுக்கிட்டிருப்பீங்க. இன்று உங்கள் பிள்ளை ஏறினால் மட்டும் பதறுகிறோம்!

6 வகை 'ரிஸ்க்' விளையாட்டு

நார்வே ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர் 2007-ல் இவற்றை வகைப்படுத்தினார்: உயரம், வேகம், கத்தி போன்ற கருவிகள், நீர் - நெருப்பு அருகே ஆடுவது, மல்லுக்கட்டுவது, பெரியவர் கண்ணில் படாமல் சுற்றுவது. நம்ம ஊர் மரக்குரங்கு, கண்ணாமூச்சி எல்லாம் இதில் அடக்கம். கனடா குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2024-ல் இத்தகைய விளையாட்டை ஆதரித்து அறிக்கை வெளியிட்டது. பயத்தைச் சமாளிக்கவும், தன்னால் எது முடியும் என்று கணிக்கவும் பிள்ளைகள் இதில்தான் பழகுகிறார்கள்.

ரிஸ்க் வேறு, ஆபத்து வேறு

எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதைக் குழந்தையே கணிக்க முடியும். அது ரிஸ்க். ஆற்று மணலில் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பள்ளம், சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, உள்ளே உளுத்த கிளை இவையெல்லாம் அதன் கண்ணுக்குத் தெரியாது. அது ஆபத்து. அதைத் தடுப்பது நம் வேலை.

நீங்கள் செய்ய வேண்டியது

* தூக்கி ஏற்றிவிடாதீர்கள். தானாக ஏறும் உயரம் போதும்.
* "பார்த்து!" என்று கத்தாமல், "அடுத்த கால் எங்க வைக்கப்போற?" என்று கேளுங்கள்.
* தண்ணீர் என்றால் மட்டும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருங்கள்.

முழங்காலில் சிராய்ப்போடு வந்தால் திட்டாதீர்கள். கழுவி மருந்து போட்டுவிட்டு, "எப்படி விழுந்த?" என்று கேளுங்கள். அடுத்த முறை எந்தக் கிளையைப் பிடிக்கணும் என்பது அந்தப் பதிலில் இருக்கும்.