யூல்: நாள் மாறிய பண்டிகை

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள் என்னிடமிருந்து பம்ப், வால்வு என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பார்கள். எனக்குச் சோறு போடுவது அதுதான். ஆனால் ஓய்வு நேரத்தில் நான் படிப்பது சரித்திரம். அதில் பல வருஷமாக என்னை விடாமல் பிடித்திருக்கும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன்.

டிசம்பர் வந்தால் ஒரு செய்தி தவறாமல் காதில் விழும். வட ஐரோப்பியர் டிசம்பர் 21-ல் கொண்டாடிய யூல் என்ற சூரியத் திருநாளைத்தான் சர்ச் கிறிஸ்துமஸ் ஆக்கிக்கொண்டது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குத்தான் உதைக்கிறது. டிசம்பர் 25 கிறிஸ்து பிறந்த நாளாக ரோமில் கி.பி. 336-லேயே குறிக்கப்பட்டுவிட்டது. நார்வேயை ஒரு கிறிஸ்தவ ராஜா ஆண்டது அதற்கு 600 ஆண்டு கழித்து. அப்படியானால் நடந்தது என்ன?

முதலில் அந்த ஊர்க் குளிர்காலம். நார்வேயின் ட்ரோண்ட்ஹைம் பகுதியில் டிசம்பர் கடைசியில் பகல் வெறும் நாலரை மணி நேரம். ஆடுமாடுகள் எல்லாவற்றுக்கும் தீவனம் காணாது. குளிருக்கு முன்பே சிலவற்றை வெட்டியாக வேண்டும். அறுவடையான பார்லியில் பீரும் காய்ச்சியாகிவிடும். விருந்துக்கு இதைவிடத் தோதான காலம் ஏது?

விருந்து நடந்த விதத்தை ஐஸ்லாந்துக்காரரான ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1230 வாக்கில் எழுதி வைத்தார். விவசாயிகள் அவரவர் சாப்பாட்டோடு கோயிலுக்கு வருவார்கள். குதிரை உட்பட பல விலங்குகளைப் பலியிட்டு, இரத்தத்தைக் குச்சிகளால் சுவரிலும் ஆட்கள் மேலும் தெளிப்பார்கள். இறைச்சி கொப்பரையில் வேகும். முதல் கிண்ணம் ஓடினுக்கு, வெற்றி வேண்டி. அடுத்தவை ந்யோர்டு, ஃப்ரேயருக்கு, நல்ல விளைச்சலும் அமைதியும் வேண்டி. பிறகு செத்துப்போன சொந்தக்காரர்கள் நினைவாக ஒரு கிண்ணம். கவனியுங்கள், சூரியனுக்கென்று ஒரு கிண்ணம்கூட இல்லை!

இங்கேதான் ஹாகோன் வருகிறார். இங்கிலாந்து அரசர் ஏதெல்ஸ்டன் அரண்மனையில் கிறிஸ்தவராக வளர்ந்து, 934 வாக்கில் நார்வேக்குத் திரும்பி ராஜா ஆனவர். யூல் அதுவரை நடுக்குளிர்கால இரவில் தொடங்கி மூன்று இரவு நடந்ததாம். அதைக் கிறிஸ்துமஸ் நாளுக்கு மாற்றிச் சட்டம் போட்டார். ஒவ்வொருவரும் குறிப்பிட்ட அளவு பீர் வைத்திருக்க வேண்டும், இல்லையேல் அபராதம். பீர் தீரும்வரை பண்டிகை! ஆள் கெட்டிக்காரர்தான்.

ஆனால் ஞானஸ்நானம், உபவாசம், ஞாயிறு ஓய்வு என்று அடுத்த படி ஏறியதும் ஜனங்கள் மடக்கிவிட்டார்கள். வேலை செய்யாவிட்டால் நிலம் என்னாவது என்றார்கள் விவசாயிகள். சாப்பிடாமல் எப்படி வேலை செய்வது என்றார்கள் கூலிக்காரர்கள். லாடே என்ற இடத்தில் நடந்த இலையுதிர்கால விருந்தில் ராஜா கிண்ணத்தின் மேல் சிலுவைக் குறி போட, சலசலப்பு எழுந்தது. "அது தோரின் சுத்தியல் குறிதான்" என்று சமாளித்தார் சிகுர்ட் பிரபு. அதே குளிர்காலத்தில் மேரே என்ற ஊரில் யூல் விருந்து. அங்கே சமாளிப்பு பலிக்கவில்லை. ராஜாவைக் குதிரை ஈரல் சில துண்டு தின்னவைத்து, சிலுவைக் குறி போடாமலே குடிக்கவும் வைத்தார்கள்.

சரி, பழைய நாள் எது? பீட் என்ற ஆங்கிலத் துறவி 725-ல் எழுதியதைப் பாருங்கள். அவருடைய முன்னோர் சூரியன் திரும்பும் நாளுக்கு முன்னும் பின்னும் வரும் இரண்டு மாதங்களையும் 'கியுலி' என்றே அழைத்தார்களாம். அதாவது அந்த நாள் காலக்கணக்குக்கு அச்சாணி. விருந்து நாள் வேறு. சூரியன் திரும்பிய பின் வரும் அமாவாசையை அடுத்த பௌர்ணமியில்தான் யூல் நடந்தது என்று ஸ்வீடன் ஆய்வாளர் ஆன்ட்ரியாஸ் நோர்ட்பெர்க் 2006-ல் வாதிட்டார். பெரும்பாலும் அது ஜனவரியில் வரும். டென்மார்க்கின் லெய்ரேயில் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை நடந்த பெரும்பலியையும் ஜெர்மானியப் பிஷப் தீட்மார் ஜனவரியில்தான் வைக்கிறார்.

ஸ்னோரி எழுதியது சம்பவம் நடந்து சுமார் 270 வருஷம் கழித்து, அவரும் கிறிஸ்தவர். ஒரே மீட்டரை நம்பி நாம் ரீடிங் எழுதுவதில்லையே! அதனால்தான் மற்ற சாட்சிகளையும் பார்க்கிறேன். ஈரல் கதை அப்படியே நடந்ததா என்பதில் சந்தேகம் இருக்கலாம். ஆனால் நாள் ஜனவரிப் பக்கம் இருந்தது என்பதில் தனித்தனிச் சாட்சிகள் ஒத்துப்போகின்றன. கிறிஸ்துமஸ் யூலிடம் நாளைக் கடன் வாங்கவில்லை. யூல்தான் கிறிஸ்துமஸ் பக்கம் நகர்ந்தது.

ஜெயித்தது யார்? நாள் ராஜாவுடையது. பெயர் விவசாயிகளுடையது. ஸ்காண்டிநேவியா முழுக்க இன்றும் கிறிஸ்துமஸுக்கு 'யூல்' என்றுதான் பெயர். ஹாகோன் 961 வாக்கில் போர்க்காயத்தால் இறந்தபோது பழைய முறைப்படியே புதைத்தார்கள். கிறிஸ்தவரான அவரை ஓடினின் வல்ஹல்லா மண்டபத்துக்கே அனுப்பிவைத்துப் பாடினார் அரசவைக் கவிஞர் ஐவிந்த். கோயில்களை இடிக்காமல் விட்டாரே, அதற்கு அவர்கள் காட்டிய மரியாதை அது.