பழவேற்காட்டில் ஓர் ஒல்லாந்தப் போதகரும் அவருடைய ஆசிரியரும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, பொன்னேரி வட்டத்தில், உவர்நீர் ஏரியின் தென்முனையில் அமைந்த பழவேற்காடு, தென்னிந்தியரின் வழிபாட்டையும் வீட்டுச் சடங்குகளையும் விரிவாக விளக்கி ஐரோப்பிய மொழியில் எழுதப்பட்ட தொடக்ககால நூல்களுள் முதன்மையான ஒன்றுக்குப் பிறப்பிடமாகும். அந்நூலை எழுதியவர் ஆபிரகாம் ரோகேரியுஸ் என்னும் ஒல்லாந்தப் போதகர். அவருக்கு வேண்டிய செய்திகளை எடுத்துச் சொன்னவர் பத்மநாபன் என்னும் பிராமணர்.

ஒல்லாந்தர் இங்கு வந்தது துணிக்காக. மலாய்த் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கக் காசைவிடச் சோழமண்டலக் கரையின் துணியே நன்றாகச் செலவாணியானதால், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி விசயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் இசைவு பெற்று 1610-இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தது. சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் 1612-இல் அதைத் தாக்கி அழித்ததும், மறு ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் ஆட்சியும் வணிகமும் பெரும்பாலும் இக்கோட்டையிலிருந்தே நடந்தன.

கம்பெனியின் கீழைநாட்டு இருப்பிடங்களுக்குப் போதகர்களை ஆயத்தப்படுத்த 1622-இல் லைடன் நகரில் நிறுவப்பட்ட செமினாரியும் இண்டிகம் என்னும் சிறு பயிற்சிக் கல்லூரியில், அந்தோனியுஸ் வலேயுஸ் என்ற இறையியல் பேராசிரியரிடம் பயின்ற ரோகேரியுஸ், பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாக வந்து, 1630-களின் தொடக்கத்திலிருந்து 1642 வரை பழவேற்காட்டில் பணியாற்றினார். கோட்டையைச் சார்ந்து வாழ்ந்த கலப்பினக் கிறித்தவர்களிடையே போர்த்துக்கீசியமே பேச்சுமொழியாக இருந்ததால், அம்மொழியிலும் அவர் பிரசங்கம் செய்தார். அதே மொழிதான் பத்மநாபனோடு அவர் உரையாடுவதற்கும் பாலமாயிற்று. சமஸ்கிருத நூல்களில் உள்ளதைப் பத்மநாபன் போர்த்துக்கீசியத்தில் விளக்க, போதகர் அதை டச்சு மொழியில் எழுதிக்கொண்டார்.

இதே காலத்தில் சயாமின் தலைநகரான அயுத்தயாவில் கம்பெனிப் பண்டகசாலையை நடத்திய யூஸ்ட் ஸ்கவ்டன் 1636-இலும், அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற எரமியாஸ் ஃபான் ஃபிளீட் 1638-இலும் அந்நாட்டைப் பற்றிய விவரணங்களை எழுதினர். சோழமண்டலத் துணி சென்று இறங்கிய துறைகளுள் அயுத்தயாவும் ஒன்று என்பதால், பழவேற்காடும் அயுத்தயாவும் ஒரே வணிகப் பாதையின் இரு முனைகள் எனலாம். ஆனால் அவ்வணிக அலுவலர்கள் அரசனையும் படையையும் வருவாயையும் சரக்கையும் முதன்மையாக எழுத, ரோகேரியுஸோ பிள்ளைக்கு எவ்வாறு பெயரிடுகிறார்கள், பூணூல் எப்போது அணிவிக்கிறார்கள், தாலி கட்டும் திருமணத்தில் என்னென்ன நடக்கின்றன, இறந்தவருக்கு எவை செய்யப்படுகின்றன என்று ஒரு வீட்டின் வாழ்நாள் ஒழுங்கையே தொடர்ந்து கேட்டார்.

நூலின் முதற்பகுதி பிராமணர்களின் வாழ்க்கை முறையையும் இரண்டாம் பகுதி அவர்களுடைய நம்பிக்கையையும் வழிபாட்டையும் பேசுகின்றன. வைணவர், சைவர், சுமார்த்தர், சார்வாகர், பாசண்டர், சாக்தர் என ஆறு பிரிவினரைப் பிரித்துக் காட்டியதோடு நில்லாமல், வைணவருக்குள்ளேயே மத்துவர் வழியினரும் இராமானுசர் வழியினரும் வேறுபடுவதை அவர் குறித்திருப்பது வியப்புக்குரியது. ஏனெனில் அக்கால ஐரோப்பியப் பயணிகள் பலருக்கு இவர்கள் எல்லோரும் உருவ வழிபாட்டினர் என்ற ஒரே கூட்டமாகவே தெரிந்தனர். வேதம் நான்கு பகுதிகளாக உள்ளது என்பதையும், அவற்றுள் நான்காவது மறைந்துவிட்டதாகச் சொல்லப்படுவதையும்கூட அவர் பதிவு செய்தார்.

நூலின் இறுதியில் சமஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியின் இருநூறு செய்யுள்கள் டச்சு மொழியில் இடம்பெற்றுள்ளன. சமஸ்கிருத இலக்கியம் அச்சில் ஐரோப்பாவைச் சென்றடைந்த முதல் நிகழ்வாக இது கருதப்படுகிறது. பர்த்ருஹரியின் பெயரில் வழங்கும் மூன்று சதகங்களுள், அதாவது நூறு செய்யுள் கொண்ட தொகுதிகளுள், நீதியையும் வைராக்கியத்தையும் சொல்லிக்கொடுத்த பத்மநாபன், காதலைப் பாடும் சிருங்கார சதகத்தை மட்டும் மொழிபெயர்க்க முன்வரவில்லை. எதை அந்நியருக்குத் தரலாம், எதைத் தரலாகாது என்பதை முடிவு செய்தவர் கற்பித்தவரே என்பதை இது காட்டுகிறது. பத்மநாபனைப் பெயரற்ற தகவலாளியாக ஒதுக்காமல், நூலெங்கும் அவர் பெயரைச் சொல்லி எழுதிய போதகரின் நேர்மை பெரிதும் பாராட்டத்தக்கது.

ஆயினும் இந்நூலைத் தமிழகத்தின் வாழ்க்கைச் சித்திரமாக எடுத்துக்கொள்வது தவறு. பிற சாதியாரைப் பற்றிய குறிப்புகளும் ஒரு பிராமணரின் விளக்கத்தின் வழியே வந்தவை. கோட்டையின் வணிகத்தைத் தாங்கிய நெசவாளர்கள், ஏரியிலும் கடலிலும் வலை வீசிய மீனவர்கள், கப்பல் வணிகத்தில் ஈடுபட்ட மரைக்காயர்கள் ஆகியோரின் வீடுகளுக்குள் இந்நூல் நுழையவில்லை. பஞ்ச காலங்களில் விற்கப்பட்ட மனிதர்களை வாங்கி, பழவேற்காட்டிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றியதும் இதே கம்பெனிதான். அவ்வாறு கொண்டு செல்லப்பட்டவர்களின் சடங்குகளையும் நம்பிக்கைகளையும் கேட்டறிய ஒரு போதகர் வாய்க்கவில்லை என்பது, அந்நூலின் நுட்பத்தை மதிக்கும்போதே மறவாமல் சொல்லவேண்டிய பெருங்குறை.

ரோகேரியுஸ் 1647-இல் தாய்நாடு திரும்பி, 1649-இல் கௌடா நகரில் இறந்தார். அவருடைய மனைவி எமரென்சியா போல்ஸின் முயற்சியால், புறச்சமயத்தின் மறைபொருளுக்குத் திறந்த கதவு என்னும் பொருள்படும் தலைப்போடு 1651-இல் நூல் லைடனில் அச்சேறியது. 1663-இல் நூரம்பர்கில் செருமன் பெயர்ப்பும், 1670-இல் ஆம்ஸ்டர்டாமில் பிரெஞ்சுப் பெயர்ப்பும் வெளிவந்தன. செருமானியச் சிந்தனையாளர் ஹெர்டர் 1792-இல் வெளியிட்ட பிராமணர்களின் சிந்தனைகள் என்ற தொகுப்புக்கு, பழவேற்காட்டில் பத்மநாபன் வாய்மொழியாகச் சொன்ன பர்த்ருஹரியே மூலமாக அமைந்தது. 1915-இல் சமஸ்கிருத அறிஞர் வில்லெம் காலண்ட் விரிவான குறிப்புகளுடன் நூலை மீண்டும் பதிப்பித்தார்.