இதழியல் விருதுகளும் புரவலர்களும்

இதழியல் விருது என்பது செய்தியாளர், பத்திரிகை ஆசிரியர், புகைப்படக்காரர் ஆகியோரின் சிறந்த பணிக்கு வழங்கப்படும் பரிசு ஆகும். புகழ்பெற்ற சில விருதுகள், பத்திரிகைகளின் கண்டனத்துக்கு உள்ளானவர்களின் செல்வத்தில் இருந்தே தோன்றியவை. யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரிடமே பரிசு பெறலாமா என்ற கேள்வி இவ்விருதுகளைத் தொடர்ந்து வருகிறது.

புரவலர் மரபு

விருதுகளுக்கு முன்பு தமிழ் எழுத்தாளர்கள் பலரை ஜமீன்தார்கள் தாங்கினர். சுப்பிரமணியம் ‘பாரதி’ என்ற பட்டம் பெற்றதும் எட்டயபுரத்தில்தான். ‘இந்தியா’ இதழை நடத்திய பாரதியார் 1908இல் புதுச்சேரியில் தஞ்சம் புகுந்தார். 1918 இறுதியில் சிறையிலிருந்து விடுதலையாகி, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் குடியேறினார். வறுமையில் வாடிய அவர், 1919 மே மாதம் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு ஆதரவு வேண்டிச் சீட்டுக்கவி எழுதினார். 1920இல் தம் நூல்களை அச்சிடப் பலரிடம் பணம் கோரினார். அவ்வாண்டு இறுதியில் மீண்டும் ‘சுதேசமித்திரன்’ வேலைக்கே சென்றார். நிலையான ஊதியம் இல்லாத எழுத்தாளர் புரவலரை நாட வேண்டியிருந்த நிலைக்கு இக்காலம் சான்றாகும்.

புலிட்சர் பரிசு

1890களில் நியூயார்க்கில் ஜோசப் புலிட்சரின் ‘வேர்ல்டு’ இதழும் ஹெர்ஸ்டின் ‘ஜர்னல்’ இதழும் விற்பனைக்காகப் பரபரப்புச் செய்திகளை வெளியிட்டன. இப்போக்கு ‘மஞ்சள் பத்திரிகை’ எனப்பட்டது. 1898 ஸ்பானிய அமெரிக்கப் போருக்கு முன் மக்களிடம் வெறியைத் தூண்டியதாகவும் இவ்விதழ்கள் குற்றம் சாட்டப்பட்டன. அதே புலிட்சர் இதழியல் கல்விக்கும் பரிசுகளுக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் பெருந்தொகை எழுதிவைத்தார். 1911இல் அவர் மறைந்தார். முதல் பரிசுகள் 1917இல் வழங்கப்பட்டன.

மகசேசே விருது

இது 1957இல் ராக்பெல்லர் சகோதரர்கள் நிதியத்தின் கொடையால் நிறுவப்பட்டது. இக்குடும்பச் செல்வத்தின் ஊற்று ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம். அதன் முறைகேடுகளை ஐடா டார்பெல் என்ற பெண் செய்தியாளர் 1902 முதல் தொடர் கட்டுரைகளில் அம்பலப்படுத்தினார். 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தைப் பிரிக்க உத்தரவிட்டது. பிற்காலத்தில் அக்குடும்பத்தின் கொடையில் உருவான விருதை பி. சாய்நாத் (2007), ரவீஷ் குமார் (2019) முதலிய இந்தியச் செய்தியாளர்கள் பெற்றனர்.

இந்தியாவில்

தொழிலதிபரும் பத்திரிகை அதிபருமான ராம்நாத் கோயங்காவின் பெயரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் குழுமம் விருதுகள் வழங்குகிறது. 2016இல் பிரதமர் நரேந்திர மோதி பரிசளித்த விழாவில், அவர் கையால் பெற விரும்பாத அக்ஷய முகுல் கலந்துகொள்ளவில்லை. சாய்நாத் 2009இல் பத்மபூஷண் விருதை மறுத்தார். தாம் செய்தி திரட்டும் அரசுகளிடம் செய்தியாளர் விருது பெறலாகாது என்பது அவர் நிலைப்பாடு. தமிழ்நாடு அரசு 5 லட்சம் ரூபாய்ப் பரிசுடன் ‘கலைஞர் எழுதுகோல் விருது’ வழங்குகிறது. பத்திரிகைகளுக்குப் பெருமளவு விளம்பரம் தருவதும் அரசே.

சிக்கலின் தன்மை

விருது பெற்ற எல்லோரும் விலைபோனவர்கள் என்று கூற இயலாது. சிறிய ஊர்களில் குறைந்த ஊதியத்தில் உழைப்பவர்களுக்கு விருது பாதுகாப்பும் அறிமுகமும் தருவதுண்டு. ஆனால் பணம் தரும் நிறுவனத்தைப் பற்றிய செய்தி பரிசுக்கு வருமா என்ற ஐயம் எழுகிறது. எனவே ஒரு விருதை மதிப்பிட மூன்றைப் பார்க்க வேண்டும்: நிதி எங்கிருந்து வருகிறது, நடுவர்களை யார் நியமிக்கிறார்கள், புரவலரைக் குறை கூறிய எழுத்து எப்போதாவது பரிசு பெற்றுள்ளதா.