பவானியின் பரிசல்: தோல், தார், ஃபைபர்

பவானி ஆற்றிலும் மாயாற்றிலும் காவிரியிலும் ஆளைக் கரை சேர்த்த பழைய கலம் பரிசல். வட்டமான கூடை, மேலே நீர் புகாத ஒரு போர்வை, கையில் ஒற்றைத் துடுப்பு. முன்புறம் பின்புறம் என்று எதுவும் அதற்குக் கிடையாது. அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் முழங்கால் அளவு தண்ணீரிலும் மிதக்கும். பாறை தட்டினால் வளைந்து கொடுக்கும். கரை சேர்ந்ததும் ஒருவரே தலைமேல் கவிழ்த்துத் தூக்கிச் செல்லலாம். ஒரு பருவத்தில் பாறையும் மணலும் தெரிய ஓடி, அடுத்த பருவத்தில் கரை புரளும் கொங்கு நாட்டு ஆறுகளுக்கு அடிக்கட்டை வைத்த நீண்ட படகு ஒத்துவராது. பரிசல் இங்கே நிலைத்ததற்கு வறுமை காரணம் என்று எழுதுவோர் உண்டு. ஆற்றின் படுகையைப் பார்த்தால் அந்த முடிவு தவறு என்பது விளங்கும்.

இந்த வடிவம் மிகத் தொன்மையானது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ், பாபிலோனுக்குச் சரக்கு கொண்டுவந்த வட்டமான தோல் படகுகளை விவரித்திருக்கிறார். பாக்தாத் நகரில் அண்மைக் காலம் வரை ஓடிய ‘குஃபா’ என்னும் வட்டப்படகுக்குத் தோல் கிடையாது. கூடையின் மேல் இயற்கைத் தார் பூசினார்கள். தென்னிந்தியாவைப் பொறுத்தவரை தெளிவான பழைய சாட்சி, 1520-ஐ ஒட்டி விஜயநகரம் வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ். துங்கபத்திரையில் 15, 20 பேரை ஏற்றிச் சென்ற கூடைப்படகுகள் தோல் போர்த்தியவை என்றும், துடுப்பு போடும்போது அவை சுழன்றுகொண்டே போகும் என்றும் அவர் குறித்திருக்கிறார். அந்தச் சுழற்சி இன்றும் மாறவில்லை.

பவானிக் கரையிலுள்ள சத்தியமங்கலத்தில் ஆற்றைக் கடப்பது என்பது வெறும் ஊர்ப் போக்குவரத்தாக மட்டும் இருந்ததில்லை. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து கஜ்ஜல்ஹட்டி கணவாய் வழியாக இறங்கி வருபவர் யாராயினும் கோயம்புத்தூர்ச் சமவெளிக்குப் போகப் பவானியைத் தாண்டியாக வேண்டும். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் அந்த வழியாகத்தான் படையோடு இறங்கினார். சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்ட் தலைமையில் ஆங்கிலக் கம்பெனிப் படை இருந்தது. கோட்டை வடகரையில், முகாம் தென்கரையில். செப்டம்பர் 13-ஆம் தேதி நடந்த சண்டைக்குப் பிறகு ஃபிளாய்ட் கோயம்புத்தூர்ப் பக்கம் பின்வாங்கினார். எந்தத் துறையில் ஆழம் குறைவு, எங்கே இறங்கலாம் என்ற அறிவே அன்று படைபலத்தில் பாதி. ஆறுகள் மலிந்த தக்காணத்தில் படைகள் கூடைப்படகுகளை நம்பியிருந்தன. 1803-ஆம் ஆண்டு மராட்டியப் போரில் ஆர்தர் வெல்லஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு, தோல் போர்த்திய கூடைப்படகுகளைச் செய்வித்து வெள்ளக் காலத்திலும் தம் படையை ஆறுகளுக்கு அக்கரை சேர்த்தார். பீரங்கி வரை அவற்றில் ஏறின.

பரிசலை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த இவர் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றி 1933-இல் தனிக் கட்டுரை எழுதினார். பிறகு பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் தோல் படகுகளையும் ஆராய்ந்தார். உள்ளூர்க்காரர்கள் எழுதிவைக்கத் தேவையில்லை என்று விட்டதை அவர் அளந்து எழுதிவைத்தார்; இன்று ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை கிடைப்பது அதனால்தான்.

கட்டும் முறை பார்க்க எளிது, செய்யக் கடினம். மூங்கிலைப் பிளந்து தப்பைகளாகச் சீவி, தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி முதலில் அடிப்பகுதியைப் பின்னுவார்கள். பின்னல் எழும்பாமல் இருக்க நடுவில் கனமான கற்களை ஏற்றி வைப்பார்கள். அடி படிந்த பிறகு நீண்டு நிற்கும் தப்பைகளை மேல்நோக்கி வளைத்துப் பக்கச் சுவர் எழுப்ப வேண்டும். வாய்ப்பகுதியில் பல மூங்கில் வளையங்களைச் சேர்த்து இறுகக் கட்டினால்தான் கூடை விரியாது. பரிசலின் உயிர் அந்த விளிம்பில் இருக்கிறது. பின்னலில் நாலைந்து தப்பை முறிந்தாலும் கலம் ஓடும். விளிம்பு தளர்ந்தால் அன்றோடு முடிந்தது. ஒகேனக்கல்லில் ஓடும் பரிசல் ஏறத்தாழ 7 அடி விட்டம், 8 பேர் வரை தாங்கும்.

முற்காலத்தில் இந்தக் கூடைக்கு மாட்டுத்தோலோ எருமைத்தோலோ போர்த்தினார்கள். தோல் நீரில் ஊறினால் இளகும், ஊறியபடியே கிடந்தால் அழுகும். ஆகவே வேலை முடிந்ததும் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைப்பது கட்டாயம். பரிசலைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் தோல் போன பின்னும் தொடர்கிறது. தோலின் விலை ஏற ஏற, அதன் இடத்தைப் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் பிடித்தன. உர மூட்டைக்கு நெய்யப்படும் அதே விரிப்பைக் கூடைமேல் இழுத்துக் கட்டி, உருக்கிய தாரை அதன்மேல் பூசினால் தண்ணீர் புகாது. பழுது பார்ப்பதும் ஆற்றங்கரையிலேயே முடிந்துவிடும். கிழிந்த இடத்தில் ஒரு துண்டுச் சாக்கு, அதன்மேல் சூடான தார், கொஞ்சம் வெயில். அரைமணி நேரத்தில் பரிசல் மறுபடி தண்ணீரில் இருக்கும். பாக்தாத்காரர்கள் கண்ட வழிக்கே கொங்குப் பரிசல்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். யாரும் யாரிடமும் கற்றதாகத் தெரியவில்லை; பொருள் அப்படி நடத்திச் செல்கிறது.

பரிசலின் வாழ்க்கையை அடியோடு மாற்றியது பவானிசாகர் அணை. 1948-இல் வேலை தொடங்கி 1955-இல் முடிந்த இந்த அணை, பவானியும் மாயாறும் கூடும் இடத்துக்குக் கீழே நிற்கிறது. சுமார் 8 கிலோமீட்டர் நீள மண் அணை, 105 அடி நீர்மட்டம், 32.8 டி.எம்.சி. கொள்ளளவு. நிரம்பினால் ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. பழைய டணாயக்கன் கோட்டை அதற்குள் மூழ்கியது. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் அங்கிருந்த கோயிலின் கற்கட்டடம் வெளியே தெரியும். பரிசலுக்கு இது புதிய தண்ணீர். ஆற்றில் 10 நிமிடத்தில் அக்கரை. நீர்த்தேக்கத்திலோ இரவு வலை போட்டு விடியலில் எடுக்கும் மீனவர் மணிக்கணக்கில் தண்ணீரில் இருக்க வேண்டும். மலைக் கணவாயிலிருந்து காற்று இறங்கினால் திறந்த பரப்பில் அலை எழும். முன்பு பயணியை ஏற்றிய கலம் இப்போது வலை, மீன், ஐஸ் எல்லாவற்றையும் சுமக்கும் தொழிற்கருவியானது. நாள் முழுக்க நனைந்தே கிடக்கும் மூங்கில் விரைவில் உளுத்துப் போகும். காட்டில் மூங்கில் வெட்டுவதும் எளிதாக இல்லை. சத்தியமங்கலம் காடு 2008-இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 2013-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. நல்ல முதிர்ந்த மூங்கில் விலைகொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது.

ஃபைபர் வந்தது இந்த இடைவெளியில். கண்ணாடி இழையைப் பாலியெஸ்டர் ரெசினில் ஊறவைத்து அச்சில் படியவைக்கும் இந்த முறை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் படகுக்குப் பயன்படத் தொடங்கியது. போருக்குப் பின் உல்லாசப் படகையும் பந்தயப் படகையும் மரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் 1980-களில் சோதனைகள் வழியாக நுழைந்து, 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணப் படகுகளாகக் குவிந்து, கட்டுமரத்தைப் பல குப்பங்களில் ஓரங்கட்டியது. உள்நாட்டு நீர்நிலைகளுக்கு அதே பொருள் பரிசல் வடிவில் வந்தது. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்படா திட்டத்தில் பாரம்பரிய மீனவருக்குப் படகும் வலையும் வாங்க மானியம் உண்டு: பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பட்டியலினத்தார், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம்.

ஃபைபர் பரிசல் அழுகாது, ஊறாது, தார் கேட்காது. ஆனால் அது வளையாது. பாறையில் மோதினால் மூங்கில் கூடை நெளிந்து நிமிரும். ஃபைபர் ஓடு விரிசல் விடும். அந்த விரிசலைச் சரிசெய்யத் தெரிந்தவர் கரையில் இருக்க மாட்டார். கருவியைச் செப்பனிடும் அறிவு ஆற்றங்கரையை விட்டுப் பட்டறைக்குப் போய்விட்டது என்பதே இந்த மாற்றத்தில் பெரிய இழப்பு. மீட்டுக்கொள்ளக்கூடிய இழப்புதான். பழைய பந்தயப் படகைப் புதுப்பிப்பவர்கள் உலகெங்கும் செய்யும் வேலைக்கும் பவானிசாகர்ப் பரிசலுக்குச் செய்ய வேண்டிய வேலைக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயமோ ஸ்பேனரின் கைப்பிடியோ போதும். நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும்; அடுக்குகள் பிரிந்த இடம் மந்தமாகச் சத்தமிடும். வெளிப்புறத்தில் சிறு கொப்புளங்கள் இருந்தால் ஒன்றைக் குத்திப் பார்க்கலாம். உள்ளிருந்து புளித்த காடி வாடையோடு நீர் கசிந்தால், தண்ணீர் ஜெல்கோட் என்னும் மேற்பூச்சைத் தாண்டி உள்ளே போய்விட்டது என்று பொருள். அப்படிப்பட்ட பரிசலை உடனே ஒட்டக்கூடாது. நன்னீரில் கழுவி, நாள் கணக்கில் காயவைக்க வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு: ஒரு துண்டு பாலித்தீன் தாளை ஓட்டின்மேல் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி வெயிலில் விட்டால், ஈரம் மிச்சமிருக்கும்போது தாளின் உட்புறம் வேர்க்கும்.

அடுத்தது கிரைண்டர் வேலை. விரிசலின் மேலேயே ரெசினைத் தடவி விடுவது பலர் செய்யும் தவறு. ஒரு வெள்ளத்துக்குள் பெயர்ந்துவிடும். ஓட்டின் தடிப்பைப்போல் 12 மடங்கு அகலத்துக்கு விரிசலின் இருபுறமும் சரிவாகத் தேய்த்தெடுக்க வேண்டும். 4 மில்லிமீட்டர் தடிப்பென்றால் ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர். தூசு கண்ணாடித் தூள் என்பதால் முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. பிறகு ‘மேட்’ எனப்படும் கண்ணாடி இழை விரிப்பைச் சிறிதும் பெரிதுமாக வெட்டி, ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் மேல் நேராக விழாதபடி அடுக்க வேண்டும். ரெசின் அந்த விரிப்பின் எடையைப்போல் இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு. ரெசினைக் கெட்டியாக்கும் ஹார்ட்னர் 1 முதல் 2 சதவீதம். கொங்கு வெயிலில் 1 சதவீதமே தாராளம், கலந்த ரெசின் சிறிது நேரத்தில் கெட்டியாகிவிடும். கெட்டியாவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக்கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழியை வெளியேற்றினால்தான் பிடிப்பு வரும். சாதாரண ரெசினைவிட ஐசோப்தாலிக் ரெசின் விலை சற்று அதிகம். நாள் முழுதும் நீரில் கிடக்கும் கலத்துக்கு அதுவே தகுதியானது.

பழுது பார்க்கும் அதே நேரத்தில் மேம்படுத்தலாம். விளிம்பைச் சுற்றி ஒன்றிரண்டு அடுக்கு கூடுதலாகப் போட்டால், மூங்கில் பரிசலில் வளையங்கள் செய்த வேலையை அது செய்யும். விளிம்புக்கு அடியில் மூடிய அறைகள் அமைத்து நுரைக்கட்டி நிரப்பினால், கவிழ்ந்தாலும் பரிசல் மூழ்காது. ஃபைபர் தானாக மிதக்கும் பொருள் அல்ல. தண்ணீர் நிறைந்தால் அடிக்குப் போய்விடும். மூங்கில் கூடைக்கு இந்த ஆபத்து குறைவு. இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் பழைய பரிசலின் நம்பிக்கையில் புதிய பரிசலில் ஏறுவது உயிருக்கு ஆபத்து. மோட்டார் பொருத்துவது மட்டும் வீண் ஆசை. வட்டக் கலத்துக்கு நேர்கோட்டில் செல்லும் குணம் இல்லை. விசைப்படகு வேண்டுமென்றால் காவிரியில் பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே ஓடுவதுபோல நீண்ட படகுதான் வேண்டும்.

வேல்ஸ் நாட்டுக் கதை இங்கே ஒப்பிடத்தக்கது. அங்கும் தோல் பரிசல் துணிக்கும் தாருக்கும் மாறி, டௌவி (Towy) ஆற்றில் சால்மன் பிடிப்பவர்கள் ஃபைபருக்கு வந்துசேர்ந்தார்கள். ஆனால் பின்னும் கலையை அவர்கள் விடவில்லை. கில்கெரன் ஊரில் ஆகஸ்டு மாதத்தில் பரிசல் பந்தயம் நடக்கிறது. கெனார்த்தில் உலகப் பரிசல்களுக்கென்றே காட்சியகம் இருக்கிறது. அதில் இந்தியப் பரிசலும் உண்டு.

கொங்கு நாட்டில் பரிசல் இன்னும் காட்சிப்பொருள் ஆகவில்லை. மாயாற்றுக்கு அப்பால் இருக்கும் தெங்குமரஹடாவுக்குப் பேருந்தில் போகிறவர்கள் கரையில் இறங்கி, ஆற்றில் நீர் இருந்தால் பரிசலில்தான் ஊர் சேர வேண்டும். அந்த ஆற்றில் முதலைகளும் உண்டு. பில்லூர் நீர்த்தேக்கத்தில் பரளிக்காடு பழங்குடி மக்கள் வனத்துறையின் சூழல் சுற்றுலாவில் பரிசல் ஓட்டுகிறார்கள். பவானி கூடுதுறையிலும் பரிசல் உண்டு.

எந்தத் தண்ணீருக்கு எந்தப் பரிசல் என்பதில் குழப்பம் தேவையில்லை. பாறை மலிந்த ஆற்றுத் துறைக்கு மூங்கிலும் தாரும். ஆழமான நீர்த்தேக்கத்துக்கு நுரை நிரப்பிய ஃபைபர். மானியத்தில் பரிசல் கொடுக்கும்போது, மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு கிரைண்டர், கொஞ்சம் மேட், ரெசின், ஒரு வாரப் பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால், சில ஆண்டில் தூக்கியெறியப்படும் பரிசல் இன்னும் பல ஆண்டு ஓடும். உடைந்த ஃபைபர் மட்காது, அதை மறுபடி உருக்கவும் முடியாது.